அந்த ஒரு மணி நேரம்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, ஆச்சிமார்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கம்பன் கழகம் 1939 இல் தொடங்கிய ஊர் இந்தக் காரைக்குடி. பட்டிமன்றம் கேட்டுப் பழகிய காதுகள் உங்களுக்கு. அதனால் முன்னுரையில் நேரம் போக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்றைய தலைப்பு, வளரும் பிள்ளைகளை மதுவிடமிருந்து காப்பது பெற்றோரின் கண்டிப்பா, பெற்றோரின் பேச்சா என்பது. பேச்சே என்ற அணியில் நான் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் தன் அப்பச்சியை, அதாவது தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். முகப்பில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டாம் கட்டில் பிள்ளைகள் மூச்சு விடமாட்டார்களாம். அந்தப் பயத்தில் வளர்ந்ததால்தான் இன்றுவரை ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அவர் சொன்னது உண்மை. அப்படி வளர்ந்து நல்லபடியாக இருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். ஆனால் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். அதே செருப்புச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த உங்கள் கூடப்பிறந்தவர்கள், பங்காளி வீட்டுப் பிள்ளைகள், அத்தனை பேரும் உங்களைப் போலவே இருக்கிறார்களா? பதில் மேடையில் வேண்டாம். மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நான் கண்டிப்பு அறியாதவள் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். வகுப்பில் நான் நுழைந்தால் ஊசி விழுந்தாலும் கேட்கும். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அப்பச்சியின் கண்டிப்பும் ஆத்தாவின் கண்டிப்பும் சேர்த்து நானே காட்ட வேண்டும் என்று நினைத்தேன். மகன் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் இரவு சாப்பாட்டில் அவன் வகுப்புப் பையன் ஒருவன் குடித்துப் பிடிபட்ட செய்தியைச் சொன்னான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அப்புறம் என்ன ஆச்சு? நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீ குடிச்சிட்டு இந்த வாசல்ல காலை வெச்சா நீ என் பிள்ளையே இல்லை" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தான். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கோட்டையூரில் என் பெரியப்பச்சிக்குச் சதாபிஷேகம். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். கல்யாணம், படைப்பு, சாந்தி என்றால் திறந்து, ஒட்டடை அடித்து, ஆத்தங்குடிக் கல்லைத் தேய்த்துக் கழுவி, நாலு நாளைக்கு நூறு பேர் புழங்கிவிட்டு மறுபடி பூட்டிவிடுவோம். அந்த முறை ஆட்கள் அதிகம் என்று பக்கத்துப் பங்காளி வீட்டையும் திறந்துவிட்டார்கள். அந்த வீட்டு மாடியில் பையன்களுக்குப் பாய் விரித்திருந்தது. பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை. ஊரெல்லாம் ஆள் இல்லாத மாடிகளாக இருக்கிற நாடு இது. பிள்ளைகளுக்கு மறைந்து செய்ய இடமா இல்லை? இதை நீங்களும் நானும் என்றைக்காவது யோசித்தோமா?

வாங்கிக் கொடுத்தது ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன், 22 வயது. குடித்தது ஐந்து பையன்கள். என் மகனுக்கு அப்போது 16. முதல் தடவை. எவ்வளவு குடித்தால் என்ன ஆகும் என்று தெரியாது. அண்ணன்மார் முன்னால் சின்னப்பிள்ளையாகத் தெரியக்கூடாது என்று வேகமாகக் குடித்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிட்டான். படுத்தபடியே வாந்தி எடுத்தான். எழுப்பினால் எழவில்லை.

மற்ற பையன்கள் அவனை விட்டுவிட்டு ஓடவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கன்னத்தில் தட்டினார்கள். சமையல்கட்டில் இருந்து யாருக்கும் தெரியாமல் மோர் கொண்டுவந்து வாயில் ஊற்றப் பார்த்தார்கள். "அயித்தையைக் கூப்பிடலாம்" என்று ஒருவன் சொன்னான். "அயித்தைக்குத் தெரிஞ்சா இவனைக் கொன்னே போட்டுடுவாங்க" என்று இன்னொருவன் சொன்னான். மயங்கிச் சரிவதற்கு முன் என் மகனும் அதையே சொன்னானாம். "ஆத்தாகிட்ட மட்டும் சொல்லாதீங்கடா."

நடுவர் அவர்களே, நான் அடுத்த வீட்டில் வளவுத் தூணோரம் படுத்திருந்தேன். இடையில் ஒரு முடுக்குச் சந்துதான். தலைமாட்டில் போன் இருந்தது. ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று விவாதித்திருக்கிறார்கள். இங்கே நாம் நடத்துவதைப் போல அங்கேயும் ஒரு பட்டிமன்றம் நடந்திருக்கிறது. நடுவில் என் மகன் மூச்சுத் திணறிக் கிடந்திருக்கிறான்.

கடைசியில் ஒன்பதாவது படிக்கிற என் அண்ணன் மகள் ஏதோ எடுக்க மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்து, என்னை எழுப்பாமல், என் ஆத்தாவை, என் மகனின் ஆயாவை, எழுப்பினாள். அவளுக்கும் என்னிடம் சொல்லப் பயம். எழுபத்தி மூன்று வயது ஆயா அந்த மரப்படியில் ஏறிப்போய்ப் பேரனைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் விரலை விட்டு அடைத்திருந்ததைத் துடைத்து எடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் யாரையும் திட்டவில்லை. "ஒரு மணி நேரம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? சாராயம் கொடுத்தது இல்லை அது. நான் கொடுத்தது. என் கண்டிப்பு அந்தக் கோப்பையைத் தடுக்கவில்லை. போனைத்தான் தடுத்தது.

எதிரணியினர் சொல்லும் கண்டிப்பில் எனக்கு இருக்கும் சண்டை இது ஒன்றுதான். அது வீட்டுக்குள் மது வராமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால், வீட்டுக்குள் செய்தி வராமல் பார்த்துக்கொள்கிறது. பிள்ளை தப்புச் செய்வதை நிறுத்தும் முன்பே, தப்பைச் சொல்வதை நிறுத்திவிடுகிறான்.

இங்கே தாய்மார் நிறையப் பேர் இருப்பதால், தலைப்பை விட்டு ஒரு நிமிடம் விலகி ஒன்று சொல்லிவிடுகிறேன். மணி அடித்தாலும் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். குடித்து மயங்கிய பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், ஒருக்களித்துப் போடுங்கள். தனியாக விட்டுவிட்டு, தூங்கி எழுந்தால் சரியாகும் என்று போகாதீர்கள், வயிற்றில் இருக்கிற மது அதற்குப் பிறகும் இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் விழுங்கத் தெரியாது, நுரையீரலுக்குப் போய்விடும். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதும், குளிர்ந்த தண்ணீரை மொண்டு ஊற்றுவதும் ஆபத்து. எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் 108. யார் கேட்டால் என்ன, ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்க அப்போது நேரம் கிடையாது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு கேள்வி கேட்டார். "பேச்சு, நட்பு என்று ஆரம்பித்து, கடைசியில் வெளியில் குடிப்பதற்கு வீட்டிலேயே குடிடா என்று நீங்களே ஊற்றிக் கொடுப்பீர்களா? வெளிநாட்டில் அப்படித்தானே செய்கிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

ஊற்றிக் கொடுக்கமாட்டோம். ஒரு மூடிகூடக் கொடுக்கமாட்டோம். நம் நாட்டில் 2015 இன் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 77 ஆவது பிரிவு, 18 வயது நிறையாத பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. கொடுப்பவர் அப்பச்சியாக இருந்தால் விட்டுவிடலாம் என்று அதில் எழுதவில்லை. கல்யாண வீட்டில் வாங்கிக் கொடுக்கிற 22 வயது அண்ணனுக்கும் அதே பிரிவுதான். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கவே கூடாது என்பதும் விதி. விதி கடையில் எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், நான் சொல்ல வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள். வீட்டில் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் வெளியில் அளவோடு இருப்பான் என்பது உண்மைதானா? ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆறு வருடம் தொடர்ந்து கவனித்து, 2018 இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பெற்றோர் கையால் வாங்கிய பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அவர்கள் வெளியிலும் தேடிப்போய் வாங்குவதுதான் கூடியது. பிரான்சில் பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டோடு ஒயின் குடித்துப் பழகுகிறார்கள் என்று நம் ஊரில் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பிரான்சே 1956 இல் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் ஒயின் கொடுப்பதை நிறுத்தியது. 2009 இல் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக்கூடாது என்று சட்டம் போட்டது.

ஆகவே எங்கள் அணி சொல்லும் பேச்சு, அனுமதி கொடுக்கிற பேச்சு இல்லை. "வேண்டாம்" என்பதை நாங்களும் சொல்கிறோம். ஏன் வேண்டாம் என்பதைச் சேர்த்துச் சொல்கிறோம். சொன்ன பிறகும் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

என்ன பேசுவது என்று கேட்பீர்கள். நான் கணக்கு டீச்சர். எனக்குத் தெரிந்த வழியில் பேசினேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மூன்றாம் நாள், என் மகனை உட்காரவைத்து ஒரு கணக்குப் போடச் சொன்னேன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறது. பெருக்கினால் 77 மில்லி. ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை 0.79 கிராம். ஆக, ஏறக்குறைய 61 கிராம் சுத்தமான ஆல்கஹால். வளர்ந்த ஆளின் ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்துக் கிராம்தான் கழிக்கும். அப்படியானால் எத்தனை மணி நேரம்? அவனே வகுத்துப் பார்த்தான். ஆறு மணி நேரத்துக்கு மேல். இரவு பத்து மணிக்குக் குடித்தவன் விடியற்காலை வண்டியை எடுத்தாலும் போதையில்தான் ஓட்டுகிறான். "பீர்தானே ஆத்தா, அது ஒண்ணும் செய்யாதாமே" என்றான். 650 மில்லி, எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் என்று அதையும் போடச் சொன்னேன். 41 கிராம் வந்தது. ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டால் ஒருவருக்கு வருகிற கட்டிங்கை விட அது அதிகம். அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இதை முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று கேட்டான்.

பதினாறு வருடம் வளர்த்த பிள்ளை, கணக்கு டீச்சரின் பிள்ளை, இந்த ஒரு கணக்கை என்னிடம் கேட்கவில்லை. நான் கேட்க விடவில்லை.

வயதைப் பற்றியும் பேசினேன். எடுத்த முடிவை நிறுத்தி யோசிக்கவைக்கிற மூளைப் பகுதி இருபதுகளின் நடு வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை, அவன் படிக்கிற உயிரியலோடு சேர்த்துச் சொன்னேன். அமெரிக்காவில் 1997 இல் வந்த ஓர் ஆய்வில், 15 வயதுக்கு முன்னால் குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 21 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுதான். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வருடமும் லாபம். இதை மிரட்டலாகச் சொல்லாமல், வட்டிக் கணக்கு மாதிரி சொன்னேன். நம் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கு புரியாமல் போகுமா?

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். பிள்ளை தள்ளாடி வந்து நிற்கிற இரவில் பேசாதீர்கள். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் 929 ஆவது குறளில் வள்ளுவர் இதைத்தான் சொல்கிறார். குடித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளியவைக்கப் பார்ப்பது, தண்ணீருக்குள் மூழ்கிப்போனவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போலாம். அன்று இரவு உயிரைப் பாருங்கள். பேச்சு மறுநாள். அதுவும் அப்பத்தா, சித்தப்பச்சி, பக்கத்து வீட்டு ஆச்சி எல்லோரையும் பட்டாலையில் கூட்டிவைத்து நடத்தும் விசாரணையாக வேண்டாம். நானும் அவனும் பேசியது பெரும்பாலும் ஸ்கூட்டரில். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, பாதியில் எழுந்து போகவும் முடியாது. பள்ளத்தூர் போய்த் திரும்புகிற தூரத்தில் அவன் சொன்னதை, வீட்டில் பத்து வருடத்தில் சொன்னதில்லை.

இனி கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். அப்பச்சிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் வீட்டு விசேஷங்களில் ஒரு பேச்சு வழக்கம் உண்டு. "ஆம்பளைக எல்லாம் மேலே இருக்காக." மேலே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். கீழே இருந்து ஒரு பத்து வயதுப் பையனிடம் ஐஸ் கட்டியும் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிக்காயும் கொடுத்து அனுப்புவோம். சோடா வாங்க அவனைத்தான் கடைக்கு ஓட்டுவோம். அந்தப் பையன் ஆறு வருடம் கழித்து அதே மாதிரி ஒரு மாடியில் உட்காரும்போது, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்கிறோம். கண்டிப்பான அப்பச்சி என்று பேர் எடுத்தவர்களில் எத்தனை பேர் கையில் டம்ளரோடு, "நீ மட்டும் தொட்டே, தோலை உரிச்சிடுவேன்" என்று சொன்னவர்கள்? அந்தக் கண்டிப்பில் பிள்ளைக்குப் போய்ச் சேருவது ஒன்றுதான். இது தப்பில்லை, பெரியவன் ஆனால் கிடைக்கிற உரிமை. பதினாறு வயதில் பெரியவன் ஆகத் துடிக்காத பையன் யார்?

பேச்சு என்றால் அப்பச்சி தன் டம்ளரைப் பற்றியும் பேச வேண்டும். "நான் ஏன் ஆரம்பிச்சேன், இதனால எனக்கு என்ன போச்சு, ஏன் விட முடியலை" என்று சொல்ல வேண்டும். கண்டிப்பு அவரிடம் எதையும் கேட்பதில்லை, அதனால்தான் அது சுலபமாக இருக்கிறது. பேச்சு அவரிடம் நிறையக் கேட்கிறது. எங்கள் அணியின் வழி இளகியது என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டில் கடினமானது இதுதான்.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் பர்மாவுக்குப் போன பிள்ளைகளை நினைவுபடுத்தினார். மீசை முளைக்காத வயதில் வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறி, மூன்று வருட வேலைத் தவணையான கணக்கு முடித்துத் திரும்பினார்களே, அவர்களைக் காத்தது முதலாளி வீட்டுக் கண்டிப்பில்லையா என்று கேட்டார். எனக்கு அந்த உதாரணம் பிடித்திருந்தது. ஆனால் அது எங்கள் பக்கம் சேர வேண்டியது. கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பையனை இங்கிருந்து பிரம்பால் எட்ட முடியுமா? கணக்கும் கடிதமும் ஊருக்கு வந்துகொண்டிருந்தன. காலணா செலவும் குறிப்பில் ஏறியது. நஷ்டம் வந்தாலும் எழுது, மறைக்காதே என்பதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை. நஷ்டத்தை எழுதினால் வேலை போய்விடும் என்று பயந்த பையன் பொய்க்கணக்கு எழுதுவான். பொய்க்கணக்கில் எந்த வரவு செலவு ஐந்தொகையும் நேராகாது. இன்றைக்கு நம் பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். நாம் இங்கே இருக்கிறோம். அவர்கள் நமக்கு எந்தக் கணக்கை அனுப்புகிறார்கள்?

அவர் ஐஸ்லாந்தையும் சொன்னார். 1998 இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்தவர்கள். 2016 இல் அது ஐந்தாகக் குறைந்தது. பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளை குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வெளியே இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடுதான் காரணம் என்றார். கட்டுப்பாடு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நான் என் மகனுக்கும் நேரம் வைத்திருக்கிறேன். ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. பிள்ளையோடு தினமும் செலவழிக்கும் நேரத்தைக் கூட்டுங்கள் என்று பெற்றோரிடம் கேட்டார்கள். பெற்றோர் தங்களுக்குள் கூடிப் பேசி, பெரியவர் இல்லாத விருந்துக்கு அனுப்பமாட்டோம், பிள்ளைகளுக்கு மது வாங்கித் தரமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் பணம் ஒதுக்கினார்கள். நம் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர் அந்த 22 வயது அண்ணனும், பூட்டிய வீட்டுச் சாவியைக் கொடுத்த நாமும்தான்.

பிள்ளையார் நோன்பு நினைவுக்கு வருகிறது. நகரத்தார் வீடுகளில் அன்று 21 நூல் சேர்த்துத் திரித்த இழையை மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். நெருப்போடு அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை வாயைத் திறக்கிறது. அடித்தா திறக்கவைக்கிறோம்? கொடுக்கிற கை தன்னைச் சுடவிடாது என்று அதற்குத் தெரியும். அந்த நம்பிக்கையோடு வளர்ந்த குழந்தை பதினாறு வயதில் என் பெயரைக் கேட்டதும் நடுங்கியதே, நடுவில் நான் என்ன செய்தேன் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நானும் என் மகனும் ஓர் ஒப்பந்தம் போட்டோம். எந்த ராத்திரியானாலும், எந்த நிலையில் இருந்தாலும், கூட யார் இருந்தாலும், என்னைக் கூப்பிடு. நான் வருவேன். அன்று இரவு ஒரு கேள்வி கிடையாது. மறுநாள் பேச்சு உண்டு, அதில் இருந்து நீ தப்ப முடியாது. இவ்வளவுதான்.

போன ஐப்பசியில் இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. புதுவயல் ரோட்டில் ஒரு டீக்கடை பக்கத்தில் நிற்கிறோம் என்றான். அவன் குடிக்கவில்லை. வண்டி ஓட்டி வந்த நண்பன் குடித்திருந்தான். ஏறமாட்டேன், உன்னையும் ஓட்ட விடமாட்டேன் என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். தெரிந்த ஆட்டோக்காரரை எழுப்பி அழைத்துக்கொண்டு போனேன். வண்டியில் உட்கார்ந்ததும் அந்த நண்பன் அழ ஆரம்பித்தான். "எங்க அப்பச்சிகிட்டச் சொல்லிடாதீங்க ஆச்சி" என்றான். மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகன் சொன்ன அதே வார்த்தை. எனக்குக் கை நடுங்கியது.

மறைக்கவும் மனம் வரவில்லை, காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. "நீயே சொல்லு. நான் கூட நிக்கிறேன்" என்றேன். அவன் வீட்டு வாசலில் பெல் அடித்தோம். அவன் அப்பச்சி கதவைத் திறந்தார். பிள்ளையைப் பார்த்தார், வாடையை உணர்ந்தார், கையை ஓங்கினார். நான் நிற்பதைப் பார்த்தோ என்னவோ, இறக்கினார். என் மகன் வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினான். அவர் அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "நீங்க எப்படி ஆச்சி திரும்பிப் போவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார். "ராத்திரி முழுக்கத் தூங்கலை. அவன்கிட்ட என்ன பேசுறதுன்னு தெரியலை. எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை ஆச்சி" என்றார். 14416 என்ற இலவச எண்ணில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அது அப்புறம் உதவும். ஆனால் அவர் கேட்டது அன்றைக்குக் காலையில் சொல்ல வேண்டிய முதல் வார்த்தையை.

"நீங்க முதல் தடவை குடிச்சது எப்போன்னு அவனுக்குச் சொல்லுங்க" என்றேன்.

அவர் வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அது யாருக்குமே தெரியாது ஆச்சி" என்றார். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, அமர்கிறேன். வணக்கம்.